பாட்டு போன பாதை – 12: பழைய பாட்டுக்குத் திரும்பி வந்தவர்

கிறிஸ்டி மூர் வங்கி வேலையை விட்டுவிட்டு இங்கிலாந்துக்குப் போய்ப் பாடித் திரிந்ததையும், 1972-ல் வந்த ‘ப்ராஸ்பரஸ்’ இசைத்தட்டிலிருந்து பிளாங்க்ஸ்டி குழு பிறந்ததையும் சென்ற இதழில் பார்த்தோம். ஜான் ரெய்லி என்ற நாடோடிப் பாடகரிடம் கேட்டுப் பாடம் செய்த பாட்டையும், அண்மையில் நடந்ததைப் பற்றிக் கட்டிய பாட்டையும் ஒரே மேடையில் அடுத்தடுத்துப் பாடுவார் மூர். அயர்லாந்தில் இதில் யாருக்கும் வியப்பில்லை. பழையது எங்கே முடிகிறது, புதியது எங்கே தொடங்குகிறது என்று அங்கே யாரும் கணக்குப் பார்ப்பதில்லை.

அதே காலத்தில் மேற்கு ஜெர்மனியில் ஓர் இளைஞன் கிதாரோடு மேடையேறித் தன் ஊர்ப் பழைய பாட்டு ஒன்றைப் பாடியிருந்தால், எதிரே உட்கார்ந்திருந்த அவன் வயதுக்காரர்கள் நெளிந்திருப்பார்கள். அதே மேடையில் டப்ளின் மதுக்கடைப் பாட்டு ஒன்றைப் பாடினால் கைதட்டுவார்கள். பிறத்தியார் பாட்டு இனித்தது. சொந்தப் பாட்டு கூசியது. அந்தக் கூச்சத்தைக் கடந்து, முதலில் தானே எழுதிப் பாடி, பிறகு தாத்தா காலத்துப் பாட்டுக்குத் திரும்பி வந்த ஒருவரின் கதை இது. அவர் பெயர் ஹான்னஸ் வாடர். அயர்லாந்தில் பாடகர்கள் பழையதிலிருந்து புதியதற்கு வந்தார்கள். ஜெர்மனியில் பாதை தலைகீழ்.

இதில் பெரிய முரண் ஒன்று உண்டு. நாட்டார் பாடல் என்ற எண்ணத்தையே ஐரோப்பாவுக்குக் கொடுத்தது ஜெர்மனிதான். யோஹான் கோட்ஃபிரீட் ஹெர்டர் 1773-ல் எழுதிய கட்டுரையில்தான் அந்தச் சொல் புழக்கத்துக்கு வந்தது. 1778-79-ல் பல நாட்டு மக்களின் பாடல்களைத் தொகுத்து வெளியிட்டார். அவரைத் தூண்டியதில் பெரும் பங்கு ‘ஓசியன்’ பாடல்களுக்கு. ஸ்காட்லாந்துக்காரர் ஜேம்ஸ் மாக்ஃபர்சன் பழங்காலக் கவிஞன் ஒருவனின் பெயரில் வெளியிட்ட அந்தப் பாடல்களின் நாயகர்கள் அயர்லாந்துப் பழங்கதைகளின் ஃபின்னும் அவன் மகன் ஓசினும். அதாவது அயர்லாந்துக் கதைமாந்தர்கள் ஸ்காட்லாந்து வழியாக வந்து ஜெர்மன்காரர்களைத் தங்கள் சொந்த ஊர்ப் பாட்டைத் தேட வைத்திருக்கிறார்கள். அடுத்த தலைமுறையில் ஆர்னிமும் பிரென்டானோவும் 1805 முதல் 1808 வரை மூன்று தொகுதிகளாகப் பாடல்களைச் சேர்த்தார்கள். 1909-ல் ஹான்ஸ் பிராயர் என்ற மருத்துவ மாணவர், காடும் மேடும் நடந்து திரிந்த இளைஞர் இயக்கத்துக்காக ‘சுப்ஃப்கைகன்ஹான்ஸ்ல்’ என்ற பாட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்தார். பையில் போட்டுக்கொண்டு போகும் அளவுள்ள அந்தப் புத்தகம் லட்சக்கணக்கில் விற்றது. பிராயர் 1918-ல் வெர்டன் போர்முனையில் இறந்தார்.

1933-க்குப் பிறகு நாஜிகள் இந்தப் பழக்கத்தை அப்படியே வாரிக்கொண்டார்கள். ஹிட்லர் இளைஞர் அமைப்பின் பாட்டுப் புத்தகங்களில் காதல் பாட்டும் அறுவடைப் பாட்டும் படைநடைப் பாட்டோடு ஒரே அட்டைக்குள் அச்சாயின. பாடிக்கொண்டே நடப்பது பயிற்சியின் பகுதியானது. போர் முடிந்தபோது அந்தப் பாட்டுகள் மேல் ஒரு வாடை ஒட்டியிருந்தது. தத்துவ அறிஞர் அடோர்னோ ஐம்பதுகளில், கூடிப் பாடுவதையே ஓர் அறமாகப் போற்றிய இளைஞர் இசை இயக்கத்தைக் கடுமையாகத் தாக்கி எழுதினார். மறுபக்கம், ஹைனோ போன்ற பாடகர்கள் பழைய பாட்டுகளை இனிப்புப் பூசித் தொலைக்காட்சிக்கு ஏற்றபடி பாடிப் பெருவாரியாக விற்றார்கள். யோசிக்கிற இளைஞனுக்கு இரண்டு பக்கமும் கதவு அடைத்திருந்தது.

வழக்கறிஞரும் பாடகருமான ஃபிரான்ஸ் யோசஃப் டேகன்ஹார்ட் அறுபதுகளில் இதையே ஒரு பாட்டாக எழுதினார். நம் பாட்டுகள் செத்துப்போயின, அந்தக் கொலையில் பள்ளிக்கூடத்துக்கும் பங்கு உண்டு, பழுப்புச் சட்டைக்காரர்களுக்கும் பங்கு உண்டு என்பது அதன் சாரம். அந்தத் தலைமுறையின் வலியை இவ்வளவு நேராகச் சொன்ன பாட்டு வேறில்லை.

ஆனால் எல்லாப் பாட்டும் சாகவில்லை என்று நிரூபிக்க ஒருவர் கிழக்கு பெர்லினில் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தார். வொல்ஃப்காங் ஷ்டைனிட்ஸ், 1905-ல் பிரெஸ்லாவ் நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்த மொழியறிஞர், கம்யூனிஸ்ட். நாஜிக் காலத்தைச் சோவியத் நாட்டிலும் சுவீடனிலும் கழித்துவிட்டு 1946-ல் திரும்பியவர். ஆறு நூற்றாண்டுகளில் ஜெர்மன் மக்கள் ஆண்டவர்களுக்கு எதிராகப் பாடிய பாட்டுகளை ஏடு ஏடாகத் தேடித் தொகுத்து 1954-லும் 1962-லும் இரண்டு பெரும் தொகுதிகளாக வெளியிட்டார். பண்ணையார் மேல் விவசாயி பாடிய வசை, படையிலிருந்து ஓடியவனின் புலம்பல், நெசவாளிகளின் கோபம், 1848 புரட்சியின் கேலிப்பாட்டு என எல்லாம் அதில் இருந்தன. நம் நா. வானமாமலை 1964-ல் ‘தமிழர் நாட்டுப் பாடல்கள்’ தொகுப்பைக் கொண்டுவந்ததை நினைத்துக்கொள்ளலாம். இருவரும் மார்க்சியர்கள், இருவரும் பாட்டில் வரலாற்றைத் தேடியவர்கள். ஒரு வேறுபாடு உண்டு. வானமாமலைக்கு வயலிலும் வரப்பிலும் பாடிக்கொண்டிருந்தவர்கள் இருந்தார்கள். ஷ்டைனிட்ஸுக்குக் கிடைத்தவை பெரும்பாலும் தாளில் உறைந்த பாட்டுகள். அவற்றைப் பாடுவதற்குத் தொண்டை வேண்டியிருந்தது.

அந்தத் தொண்டைகள் கூடிய இடம் பூர்க் வால்டெக். மேற்கு ஜெர்மனியின் ஹுன்ஸ்ரூக் மலைப்பகுதியில், ஒரு பள்ளத்தாக்கின் மேல் நிற்கும் இடிந்த கோட்டை. 1964-ல் பெந்தெகொஸ்தே விடுமுறையில் அங்கே முதல் பாட்டு விழா நடந்தது. சில நூறு பேர் வந்தார்கள். சில ஆண்டுகளில் அது ஆயிரக்கணக்கானது. அதன் முன்னோடிகளில் ஒருவர் பேட்டர் ரோலண்ட். ஷ்டைனிட்ஸின் தொகுதிகளிலிருந்து 1848 பாட்டுகளை எடுத்துப் பாடியவர் அவர். நாஜிகள் கொன்று தீர்த்த மக்களின் இத்திஷ் மொழிப் பாட்டுகளை ஜெர்மன் மேடையில் ஏற்றியவரும் அவர்தான். ஒரு ஜெர்மன்காரர் அந்தக் காலத்தில் அந்தப் பாட்டுகளைப் பாடுவதற்கு எவ்வளவு கூச்சமும் எவ்வளவு துணிவும் வேண்டியிருந்திருக்கும்! 1966 ஏப்ரலில், 33 வயதில், மூளையில் ரத்தம் கசிந்து அவர் இறந்துபோனார். அதற்குச் சில வாரங்களுக்குப் பிறகு நடந்த விழாவில்தான் பீலஃபெல்ட் பக்கத்திலிருந்து வந்த 23 வயது இளைஞன் ஒருவன் முதன்முதலாக அந்தக் கோட்டை மேட்டில் பாடினான்.

ஹான்னஸ் வாடர் 1942 ஜூன் 23 அன்று பீலஃபெல்ட் நகரை ஒட்டிய பேதெலில் பிறந்தார். தந்தை பண்ணைத் தொழிலாளி. தாய் துப்புரவு வேலை செய்தவர். ஆரம்பப் பள்ளியோடு படிப்பு நின்றது. செருப்புக்கடை ஒன்றில் கண்ணாடிக் கூண்டுகளை அலங்கரிக்கும் வேலைக்குப் பயிற்சியாளராகச் சேர்ந்தார். மாண்டலின், கிளாரினெட் என்று கிடைத்ததையெல்லாம் வாசித்தார். ஜாஸ் குழுவிலும் இருந்தார். பிறகு வரைகலை படிக்கப் போய், 1963-ல் பெர்லினுக்குக் குடிபெயர்ந்தார். அங்கே அவரை மாற்றியது ஒரு பிரெஞ்சுக்காரரின் குரல். ஜார்ஜ் பிராசன்ஸ் ஒரே ஒரு கிதாரை வைத்துக்கொண்டு, அலட்டாமல், தெருப் பேச்சில் கவிதை பாடினார். இப்படி ஜெர்மனிலும் எழுதலாமே என்று வாடருக்குத் தோன்றியது. ஆக, தாய்மொழியில் பாட அவருக்கு வழிகாட்டியவர் அயலார்.

பெர்லினில் ரைன்ஹார்ட் மை என்ற பாடகர் நண்பரானார். இருவரும் வால்டெக்கில் பாடினார்கள். பாடகர் க்னூட் கீஸவெட்டர் தயாரிப்பில் 1969-ல் வாடரின் முதல் இசைத்தட்டு வந்தது. வால்டெக் விழாவும் அந்த ஆண்டோடு முடிந்துபோனது. 1968 மாணவர் கிளர்ச்சியின் சூட்டில், பாடியது போதும், கிதாரை வைத்துவிட்டு விவாதிப்போம் என்று மேடையையே மறித்தவர்கள் அங்கே இருந்தார்கள். பாட்டை நம்பியவர்கள் வெளியேறித் தனித்தனி வழி தேடினார்கள்.

வாடரின் கைவண்ணத்தைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அவருடைய வலக்கைக் கட்டைவிரல் கீழ்ஸ்தாயித் தந்திகளில் ஒரே சீராக மாறி மாறித் தட்டிக்கொண்டே இருக்கும்; மற்ற விரல்கள் மேல் தந்திகளில் மெட்டைக் கோத்துக்கொண்டு போகும். ஒரே கிதாரில் இருவர் வாசிப்பதுபோல் கேட்கும். அமெரிக்க நாட்டார் பாடகர்களின் முறை அது. அதன் மேல், அவசரமே இல்லாத கனத்த குரல். அந்தக் கட்டைவிரலின் ஓட்டம் புதுப் பாட்டுக்கும் ஒன்றுதான், முந்நூறு வருடப் பாட்டுக்கும் ஒன்றுதான். இரண்டு வகைப் பாட்டையும் அவரிடம் ஒட்டவைத்த பசை அதுவே என்று தோன்றுகிறது.

1971-ல் இடி விழுந்தது. ஊர் ஊராகப் பாடப் போகும்போது ஹாம்பர்க் நகரில் பூட்டிக் கிடந்த தன் வீட்டை, பத்திரிகையாளர் என்று அறிமுகமான ஒரு பெண்ணுக்குத் தங்கக் கொடுத்திருந்தார். அந்தப் பெண் உண்மையில் செம்படைப் பிரிவு என்ற ஆயுதக் குழுவின் தலைவர்களில் ஒருவரான குட்ரூன் என்ஸ்லின். போலீஸ் வாடரைப் பிடித்தது. குற்றம் எதுவும் நிரூபணமாகவில்லை; ஆனால் விசாரணை ஆண்டுக்கணக்கில் இழுத்தது. வானொலியும் தொலைக்காட்சியும் நெடுநாள் அவரை ஒதுக்கிவைத்தன. பாடகனுக்கு ஒலிபரப்பு போனால் பிழைப்பு போனதுபோல்தான். வாடருக்கு மிஞ்சியது சாலையும் சிறு அரங்குகளும். ஊர் விட்டு ஊர் போய், நேரில் வந்து உட்கார்ந்தவர்களுக்குப் பாடினார்.

அந்த நெருக்கடியின் நடுவில், 1972-ல் வந்தது ‘ஏழு பாட்டுகள்’ என்ற இசைத்தட்டு. அதன் முதல் பாட்டு ‘ஹாய்டெ ஹியர், மோர்கன் டோர்ட்’, இன்று இங்கே, நாளை அங்கே என்று அலைபவனின் பாட்டு. மெட்டு கேரி போல்ஸ்டாட் என்ற அமெரிக்கருடையது, சொற்கள் வாடருடையவை. பின்னர் பல பத்தாண்டுகள் தன் கச்சேரிகளை அவர் இந்தப் பாட்டோடுதான் தொடங்கினார். பள்ளிச் சுற்றுலாவிலும் முகாமில் நெருப்பைச் சுற்றியும் ஜெர்மன் பிள்ளைகள் இதைப் பாடுகிறார்கள். எழுதியவர் யார் என்று தெரியாமலே பாடுகிறவர்களும் உண்டு. 2012-ல் ‘டி டோட்டன் ஹோசன்’ என்ற பங்க் ராக் குழு இதைத் தன் போக்கில் பாடிப் பதிவு செய்தது. வேற்றூர் மெட்டு, ஒருவர் எழுதிய சொல், ஊரே பாடும் பாட்டு. நாட்டார் பாட்டு எப்படி உண்டாகிறது என்பதற்குக் கண்முன் நிற்கும் சான்று இது. தெம்மாங்கு மெட்டிலும் நொண்டிச்சிந்திலும் பாரதி புதுச் சொல் வைத்த நாட்டில் பிறந்த நமக்கு இது எளிதில் விளங்கும்.

1973-ல் வாடர் நகரத்தை விட்டு வட ஃபிரீஸ்லாந்துக்குப் போனார். ஷ்ட்ருக்கும் என்ற சிற்றூரில் ‘ஃபோர்ச்சுனா’ என்ற பழைய காற்றாலையை வாங்கி அதிலேயே குடியிருந்தார். கால் நூற்றாண்டு அதுதான் வீடு. வடகடலை ஒட்டிய தட்டை நிலம், ஓயாத காற்று. அங்கே மீனவரும் குடியானவரும் பேசியது கீழ் ஜெர்மன். பள்ளியும் அலுவலகமும் பேசிய மேட்டுமொழிக்கு முன்னால் கூனிக் குறுகி நின்ற மொழி அது. சட்டப்படி வட்டார மொழி என்ற பாதுகாப்பு அதற்குக் கிடைத்ததே 1999-ல்தான். வாடர் 1974-ல் முழு இசைத்தட்டு ஒன்றை அந்த மொழிப் பாட்டுகளுக்கே கொடுத்தார். அதில் ‘தாட் டூ மின் லேவ்ஸ்டன் பியூஸ்ட்’ என்ற காதல் பாட்டு உண்டு. நடுநிசியில் வா, அப்பா அம்மா தூங்குவார்கள் என்று காதலனைக் கூப்பிடும் பெண்ணின் குரல். நாஜிகளின் அணிவகுப்பில் இந்தப் பாட்டுக்கு என்ன வேலை இருந்திருக்க முடியும்? வாடை ஒட்டாத பாட்டு எங்கே இருக்கிறது என்று தேடியவருக்கு ஊர்மொழி ஒரு வாசலைத் திறந்தது. அயர்லாந்தில் கெய்லிக் மொழிப் பாட்டுகள் செய்த அதே வேலை. பக்கத்து ஊரில் குடியிருந்த கீஸவெட்டரும் 1976-ல் கீழ் ஜெர்மன் பாட்டுகளின் இசைத்தட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். அது அமோகமாக ஓடியது.

அதே 1974-ல் ‘எலிபிடிக்காரன்’ என்ற தன் சொந்த இசைத்தட்டையும் வாடர் வெளியிட்டார். ஹாமெல்ன் நகரத்துக் குழலூதி 1284-ல் 130 பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான் என்ற கதை நமக்கும் தெரியும். வாடர் அந்தக் கதையைக் குழலூதியின் வாயாலேயே சொல்லவைக்கிறார். ஊர்ப் பெரியவர்கள் சொன்ன கதை பொய், குற்றவாளிகள் அவர்கள்தான் என்கிறான் அவன். பழைய கதையை எடுத்துப் புதிய பாட்டு. பழைய பாட்டை எடுத்துப் புதிய குரல். அந்த ஓராண்டில் வாடர் இரண்டு கையாலும் வேலை செய்தார்.

அடுத்த ஆண்டு வந்த இசைத்தட்டுக்கு ‘மக்கள் பாடகன்’ என்றே பெயர் வைத்தார். அக்காலத்தில் அவர் பாடிய ‘ட்ரோட்ஸ் அல்லெடேம்’ பாட்டின் பயணத்தைப் பாருங்கள். ‘அத்தனைக்கும் பிறகும்’ என்று பொருள் சொல்லலாம். ஸ்காட்லாந்தின் ராபர்ட் பர்ன்ஸ் 1795-ல் எழுதியது மூலம். மனிதன் மனிதனே, பட்டமும் பணமும் முத்திரை மட்டுமே என்பது அதன் கருத்து. ஃபெர்டினாண்ட் ஃபிரைலிக்ராட் 1843-ல் அதை ஜெர்மனுக்குக் கொண்டுவந்தார். 1848 புரட்சி தடுமாறத் தொடங்கியதும் அதே சட்டத்தில் முற்றிலும் புதிய பாட்டை எழுதினார். கார்ல் மார்க்ஸ் ஆசிரியராக இருந்த நாளிதழில் அது அச்சானது. எழுபதுகளின் மேற்கு ஜெர்மனிக்காக வாடர் மூன்றாவதாக ஒன்றை எழுதினார். 180 ஆண்டுகளில் மூன்று கவிஞர்கள் ஒரே பல்லவியைக் கைமாற்றியிருக்கிறார்கள். 2019-ல் தன் வாழ்க்கை வரலாற்றை எழுதியபோதும் வாடர் அதற்கு இந்தப் பெயரைத்தான் வைத்தார்.

1977-ல் வாடர் ஜெர்மன் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். அதே ஆண்டு தொழிலாளர் பாட்டுகளின் இசைத்தட்டு வந்தது. அதில் உள்ள ‘சதுப்புநிலப் படைவீரர்கள்’ பாட்டின் வரலாற்றைக் கொஞ்சம் நின்று சொல்லத்தான் வேண்டும்.

ஹாலந்து எல்லைக்கு அருகில், எம்ஸ்லாந்துப் பகுதியில் பியோர்கர்மோர் வதைமுகாம். நாஜிகள் ஆட்சிக்கு வந்த சில மாதங்களிலேயே கம்யூனிஸ்டுகளும் சோஷலிஸ்டுகளும் அங்கே அடைக்கப்பட்டார்கள். கையில் மண்வெட்டி, காலடியில் கரிச்சேறு. காலை முதல் மாலை வரை சதுப்பை வெட்டிக் கவிழ்க்கும் வேலை. 1933 ஆகஸ்ட் 27, ஞாயிற்றுக்கிழமை. கைதிகள் தாங்களே ஒரு சர்க்கஸ் காட்சி நடத்த அனுமதி வாங்கினார்கள். கான்சன்ட்ரேஷன் முகாமையே கேலி செய்து ‘சிர்குஸ் கொன்சென்ட்ராட்சானி’ என்று அதற்குப் பெயர். ஏற்பாடு செய்தவர் நாடக நடிகர் வொல்ஃப்காங் லாங்ஹோஃப். சுரங்கத் தொழிலாளி யோஹான் எஸ்ஸர் எழுதி லாங்ஹோஃப் திருத்திய வரிகளுக்கு, ரூடி கோகுவல் என்ற வணிக நிறுவன ஊழியர் மெட்டமைத்திருந்தார். 16 பேர் தோளில் மண்வெட்டி ஏந்திப் படைவீரர்கள்போல் நடந்து வந்தார்கள். பெரும்பாலும் சோலிங்கன் நகரத் தொழிலாளர் பாடகர் சங்கத்தைச் சேர்ந்தவர்கள். உடைந்த மண்வெட்டிக் காம்புதான் கோகுவலுக்குத் தாளக்கோல். இரண்டாவது பல்லவியிலேயே கிட்டத்தட்ட ஆயிரம் கைதிகளும் முணுமுணுக்கத் தொடங்கினார்கள் என்று கோகுவல் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். காவலுக்கு நின்ற எஸ்.எஸ். ஆட்களும் சேர்ந்து பாடினார்களாம். அவர்களுக்கும் அந்தச் சதுப்பு சிறைதானே! கடைசிப் பல்லவியில் மண்வெட்டிகளை மணலில் குத்தி நிறுத்திவிட்டுப் பாடகர்கள் வெளியேறினார்கள். இரண்டே நாளில் முகாம் நிர்வாகம் பாட்டைத் தடை செய்தது. பாட்டு நிற்கவில்லை. விடுதலையான லாங்ஹோஃப் சுவிட்சர்லாந்துக்குத் தப்பி 1935-ல் எழுதிய நூல் அதை உலகத்துக்குச் சொன்னது. எர்ன்ஸ்ட் புஷ் ஸ்பெயின் போர்முனையில் பாடினார். பால் ராப்சன் பாடினார். டப்ளினர்ஸ் குழுவின் லூக் கெல்லியும் பாடினார்.

இதைக் கவனிக்க வேண்டும். எழுதியவர் பெயர், மெட்டமைத்தவர் பெயர், பிறந்த நாள் எல்லாம் தெரிந்த பாட்டு இது. ஆனாலும் ஆயிரம் பேர் வாயில் ஒரே பகலில் மக்கள் பாட்டாகிவிட்டது. ஜெர்மனியின் நாட்டார் மரபில் கறைபடாத ஒரு பகுதி உண்டு, அது கறைபூசியவர்களின் சிறைக்குள்ளேயே பிறந்தது என்பதை இதைவிட அழுத்தமாக எந்த ஆராய்ச்சி சொல்லும்? வாடர் இந்தப் பாட்டை எந்த நாடகமும் இல்லாமல் பாடுகிறார். நடந்துகொண்டே மண்ணை வெட்டுகிறவனின் நிதானம் அந்தக் குரலில் இருக்கிறது.

இப்போது அயர்லாந்துக்கு வருவோம். ஜெர்மன்காரர்களின் அயர்லாந்துக் காதலுக்குப் பெரிய காரணம் ஒரு புத்தகம். ஹைன்ரிஷ் பியோல் 1957-ல் வெளியிட்ட அயர்லாந்து நாட்குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டே அங்கே பயணம் போனவர்கள் ஏராளம். அவர்களில் பலர் பாட்டோடு திரும்பி வந்தார்கள். 1974 முதல் கார்ஸ்டன் லிண்டெ என்ற அமைப்பாளர் ‘ஐரிஷ் ஃபோக் ஃபெஸ்டிவல்’ என்ற பெயரில் அயர்லாந்துக் கலைஞர்களை ஜெர்மன் நகரங்களுக்கு அழைத்து வந்து பாடவைத்தார். ஃபூரி சகோதரர்கள் எழுபதுகளில் ஜெர்மனியிலேயே நிறையப் பாடியவர்கள். ஹாம்பர்க்கில் ‘ட்ராம்ப்ஸ் அண்ட் ஹாக்கர்ஸ்’ என்ற ஆங்கிலப் பெயரில் அயர்லாந்து, ஸ்காட்லாந்துப் பாட்டுகளைப் பாடிக்கொண்டிருந்த உள்ளூர் இளைஞர்கள் 1975 வாக்கில் ‘லீடர்யான்’ என்று பெயரை மாற்றிக்கொண்டு ஜெர்மன் பாட்டுக்குத் திரும்பினார்கள். ஸ்டுட்கார்ட் பக்கம் எரிக் ஷ்மெக்கன்பெக்கரும் தோமாஸ் ஃபிரிட்ஸும் பிராயரின் பழைய புத்தகப் பெயரையே தங்கள் இருவர் குழுவுக்குச் சூட்டி, 1976-ல் முதல் இசைத்தட்டைக் கொடுத்தார்கள். அடுத்த வீட்டுக்காரன் தன் பாட்டைக் கூச்சமில்லாமல் பாடுவதைப் பார்த்துத் தன் பாட்டைத் தேடிய தலைமுறை அது.

வாடருக்கு அந்தத் திசையிலிருந்து வந்த கொடை ஒரே ஒரு பாட்டு. ஆனால் என்ன பாட்டு! ஸ்காட்லாந்தில் பிறந்து ஆஸ்திரேலியாவில் குடியேறிய எரிக் போகிள் 1976-ல், முதல் உலகப்போர்க் கல்லறை ஒன்றின் பக்கத்தில் உட்கார்ந்து இறந்தவனோடு பேசுவதுபோல் ஒரு பாட்டு எழுதினார். கல்லறைக்காரனின் பெயர் வில்லி மெக்பிரைட். எழுபதுகளின் பிரிட்டனில் அயர்லாந்துக்காரர்கள் மேல் வெறுப்பு மண்டியிருந்ததால் வேண்டுமென்றே அயர்லாந்துப் பெயரை வைத்ததாகப் போகிள் பின்னர் சொன்னார். ஃபூரி சகோதரர்களும் டேவி ஆர்தரும் ‘பிரான்ஸின் பச்சை வயல்கள்’ என்ற பெயரில் பாடியபோது அது அயர்லாந்து முழுக்க ஒலித்தது. அது ஐரிஷ் பழம்பாட்டு என்று இன்றும் நம்புகிறவர்கள் உண்டு.

வாடர் 1980-ல் அந்த மெட்டை எடுத்து ‘எஸ் இஸ்ட் ஆன் டெர் சைட்’, நேரம் வந்துவிட்டது என்ற பாட்டைக் கட்டினார். அவர் செய்த மாற்றங்களில்தான் அவருடைய கலை தெரிகிறது. போகிளின் வீரனுக்குப் பெயர் உண்டு. வாடரின் வீரனுக்கு இல்லை. சிலுவையில் வெறும் எண்கள், 1917 என்ற ஆண்டு. பத்தொன்பது வயதுகூட நிரம்பாதவன். தன் நாட்டுப் படை இரண்டு முறை மிதித்த மண்ணில் நின்று பாடும் ஜெர்மன்காரன், இறந்தவனுக்குப் பெயர் சூட்டாமல் விட்டதில் ஓர் அடக்கம் இருக்கிறது. முடிவும் வேறு. போர் திரும்பத் திரும்ப நடந்துகொண்டேதான் இருக்கிறது என்ற ஆற்றாமையில் போகிள் நிறுத்துகிறார். போரைத் தடுக்க முன்வருகிறவர்கள் பெருகிவருகிறார்கள் என்கிறார் வாடர். 1979 டிசம்பரில் நேட்டோ புதிய அணு ஏவுகணைகளை ஐரோப்பாவில் நிறுத்த முடிவெடுத்திருந்தது. 1981 அக்டோபரில் பான் நகரத்து ஹோஃப்கார்ட்டன் திடலில் கிட்டத்தட்ட 3,00,000 பேர் அதை எதிர்த்துத் திரண்டார்கள். அந்த ஆண்டுகளின் அமைதி இயக்கம் தன் பாட்டாக வரித்துக்கொண்டவற்றில் இதற்கு முதல் வரிசையில் இடம் உண்டு. மொழிபெயர்ப்பு என்று யாரும் இதை நினைப்பதில்லை. நினைக்கவும் வேண்டியதில்லை.

பெர்லின் சுவர் விழுந்த பிறகு, 1991-ல் வாடர் கட்சியை விட்டு விலகினார். பாட்டை விடவில்லை. 1990-ல் நாட்டார் பாட்டுகளுக்கென்றே இன்னொரு இசைத்தட்டு. 1996-ல் ரைன்ஹார்ட் மை, கிளாவுஸ் ஹோஃப்மன் இருவரோடும் சேர்ந்து 18-ஆம் நூற்றாண்டுச் சுவீடன் கவிஞர் பெல்மானின் குடிப்பாட்டுகள். 1997-ல் ஷூபர்ட்! அரங்கப் பாடகர்கள் பியானோ துணையோடு பாடும் ஷூபர்ட்டின் பாட்டுகளை வாடர் தன் குரலில், நாட்டார் பாட்டைப் பாடும் எளிமையோடு பாடினார். செவ்வியல் ரசிகர்கள் சிலருக்கு அது உறுத்தியிருக்கலாம். ஷூபர்ட்டின் சில மெட்டுகள் எப்போதோ ஊர்ப் பாட்டாகிவிட்டவைதாம் என்பதால் எனக்கு அது இயல்பாகவே படுகிறது. புத்தாயிரத்தில் பாடகர் கொன்ஸ்டான்டின் வெக்கரோடு ஜோடி சேர்ந்து அரங்குகளை நிரப்பினார். 2013-ல் எக்கோ வாழ்நாள் சாதனை விருது. ஒருகாலத்தில் ஒலிபரப்பில் இடம் கிடைக்காதவருக்கு இசைத்துறையின் பெரிய விருது.

2017 நவம்பர் 30 அன்று பெர்லின் டெம்போட்ரோம் அரங்கில் விடைபெறும் கச்சேரி நடந்தது. ஊர் ஊராகப் போவது அதோடு நின்றது. ஆனால் 80 வயது நிறைந்த 2022-ல் இன்னும் ஓர் இசைத்தட்டு வந்தது. ‘இன்னும் இங்கேதான்’ என்று அதற்குப் பெயர்.

சுவருக்குக் கிழக்கே இதே கதை வேறு மாதிரி நடந்தது. வட அயர்லாந்தின் டவுன் வட்டாரத்துப் பண்ணைக் குடும்பத்தில் பிறந்த சாண்ட்ஸ் சகோதரர்கள் எழுபதுகளில் கிழக்கு பெர்லினின் அரசியல் பாட்டு விழாவில் வந்து பாட, லைப்சிக் நகரத்து மாணவர்கள் அதைக் கேட்டு ஃபிடிலும் பாஞ்சோவும் தேடி அலைந்தார்கள். அங்கே 1976-ல் பிறந்த ‘ஃபோக்லெண்டர்’ குழுவைப் பற்றியும், ஜெர்மன் மண்ணில் சாலை விபத்தில் தம்பி யூஜீனை இழந்த பிறகும் டாமி சாண்ட்ஸ் தொடர்ந்து கட்டிய பாட்டுகளைப் பற்றியும் அடுத்த இதழில்.